பறவைக் காய்ச்சலும் நம் தெருக் கோழிக்கடையும்

ஆந்திர மாநிலத்தில் 2025 மார்ச் மாதம் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று பறவைக் காய்ச்சலால் இறந்துபோனது. வீட்டில் கோழிக்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது பிள்ளை கேட்டதால் ஒரு சிறிய பச்சைத் துண்டைக் கொடுத்ததாகக் குடும்பத்தார் கூறியதாகச் செய்திகள் வந்தன. புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் அது எச்5என்1 வைரஸ்தான் என்று உறுதி செய்தது. அந்தப் பெற்றோரைக் குறை சொல்லும் தகுதி நமக்கு இல்லை. உம்மா கறி நறுக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் வந்து குந்தாத அடுப்படி நம் வீடுகளில் எத்தனை இருக்கும்?

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வகைத் தகவல்கள் சுற்றத் தொடங்கிவிடும். ஒன்று, ‘ஆறு மாதத்திற்குக் கோழியும் முட்டையும் தொடாதீர்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்பது. இன்னொன்று, ‘இதெல்லாம் மருந்துக் கம்பெனிகளின் சதி, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடுங்கள், ஒன்றும் ஆகாது’ என்பது. பத்து நாள் கழித்து இரண்டையும் மறந்துவிடுவோம். கோழி வாங்கும் இடமும் அதை அறுக்கும் விதமும் மட்டும் அப்படியே இருக்கும். இந்தக் கட்டுரை அந்த மாறாத பகுதியைப் பற்றியது. ஆனால் அங்கே போவதற்கு முன், இந்த வைரஸ் எங்கிருந்து வந்தது, இப்போது எங்கெல்லாம் இருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்த வரையில் தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால் இது வந்து போய்விட்ட நோயல்ல.

காட்டு வாத்துக்கு நோயில்லை

இன்ஃப்ளூயன்ஸா வைரஸ்களின் தாய்வீடு காட்டு வாத்துகளும் மற்ற நீர்ப்பறவைகளும்தான். இதைக் கண்டறிந்தவர்களில் முக்கியமானவர் நியூசிலாந்தில் பிறந்த ராபர்ட் வெப்ஸ்டர். 1960-களின் இறுதியில் அவரும் அவருடைய சக ஆய்வாளர் கிரேம் லேவரும் ஆஸ்திரேலியக் கடற்கரை ஒன்றில் நடந்துகொண்டிருந்தபோது, கடற்பறவைகள் செத்து ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்தார்கள். 1961-இல் தென்னாப்பிரிக்காவில் ஆலா என்னும் கடற்பறவைகள் கூட்டமாக இறந்ததற்கு இன்ஃப்ளூயன்ஸா வைரஸே காரணம் என்று தெரியவந்திருந்தது. இவையும் அப்படி இறந்தவையோ என்ற சந்தேகம் அவர்களுக்கு வந்தது. கிரேட் பாரியர் ரீஃப் பகுதித் தீவுகளுக்குப் போய்ப் பறவைகளைப் பிடித்து மாதிரிகள் எடுத்தார்கள். அந்த நலமான பறவைகளிடம் இன்ஃப்ளூயன்ஸாவின் தடயம் இருந்தது. பின்னர் நடந்த ஆய்வுகளில், வாத்துகளின் குடலில் வைரஸ் பெருகி எச்சத்தோடு குளத்து நீரில் கலந்து, அதே நீரைக் குடிக்கும் அடுத்த வாத்துக்குப் போகிறது என்பது தெளிவானது. வாத்துக்கு இதனால் பெரும்பாலும் ஒரு கஷ்டமும் இல்லை. பல ஆயிரம் ஆண்டுகளாகப் பறவையும் வைரஸும் அப்படி ஒத்துப்போய் வாழ்ந்து வந்திருக்கின்றன.

இந்தச் சாதுவான வைரஸ் எப்படிக் கொலைகார வைரஸ் ஆயிற்று? காட்டில் ஒரு வைரஸ் தான் தங்கியிருக்கும் பறவையை ஒரே நாளில் கொன்றுவிட்டால், அந்தப் பறவையோடு அதன் கதையும் முடிந்துவிடும். பறந்து போய் மற்ற பறவைகளுக்குக் கொடுக்க ஆள் இருக்காது. ஆனால் பல்லாயிரம் கோழிகள் இறக்கை விரிக்க இடமில்லாமல் நெருங்கி நிற்கும் ஒரு கொட்டகைக்குள் அது நுழைந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. ஒரு கோழி செத்தாலும் பக்கத்துக் கோழி ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது. கொல்லும் தன்மை அங்கே வைரஸுக்கு ஒரு குறையே அல்ல. எச்5, எச்7 வகை வைரஸ்கள் கோழிப் பண்ணைக்குள் போன பிறகே கொடிய வடிவத்திற்கு மாறுவதை ஆய்வாளர்கள் உலகின் பல பகுதிகளில் பார்த்திருக்கிறார்கள்.

இன்று உலகைச் சுற்றும் எச்5என்1-இன் மூதாதை 1996-இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் வளர்ப்பு வாத்து ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. மறு ஆண்டு ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோருக்கு அது உயிருள்ள கோழிகள் விற்கும் சந்தைகளிலிருந்து வந்தது. 1997 டிசம்பர் இறுதியில் ஹாங்காங் அரசு அந்த நகரில் இருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் அனைத்தையும் கொன்றது. ஹாங்காங்கின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடியும் வருவோம்.

கூந்தன்குளத்திற்கு வரும் விருந்தாளி

திருநெல்வேலி மாவட்டத்தில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்திற்குப் போனவர்கள் பட்டைத்தலை வாத்தைப் பார்த்திருக்கலாம். வெண்ணிறத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் கொண்ட பறவை. மத்திய ஆசியாவிலும் மங்கோலியாவிலும் திபெத்திலும் கோடையைக் கழித்துவிட்டு, இமயமலையையே கடந்து குளிர்காலத்திற்கு நம் ஊர்களுக்கு வருகிறது. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டிவிடப்பட்ட வாத்துகள் தென்னிந்தியக் குளங்களில் பார்க்கப்பட்டிருக்கின்றன.

2005 மே மாதத்தில் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் இந்த வாத்துகள் சாகத் தொடங்கின. சில வாரங்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் இறந்தன. அவற்றில் பட்டைத்தலை வாத்துகளே அதிகம். எச்5என்1 இவ்வளவு பெரிய அளவில் காட்டுப் பறவைகளைக் கொன்றது அதுவே முதல் தடவை. பண்ணையில் கொடூரமாக மாறிய வைரஸ், புறப்பட்ட இடத்திற்கே திரும்பிப் போய்விட்டது. அங்கிருந்து ஒரு வருடத்திற்குள் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் வளைகுடாவிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூர் கோழிப் பண்ணைகளில் முதன்முதலாக வந்தது.

அன்று முதல் ஒரு வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. குற்றவாளி யார்? பண்ணைத் தொழில் நடத்துவோர் வலசைப் பறவைகளைக் கைகாட்டுகிறார்கள். பறவை ஆர்வலர்கள் கோழி வியாபாரத்தைக் கைகாட்டுகிறார்கள். செயற்கைக்கோள் கருவி பொருத்திச் சிங்ஹாய் வாத்துகளைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், அவற்றில் பல திபெத்தின் லாசா அருகே குளிர்காலத்தைக் கழிப்பதைக் கண்டார்கள். அதே பகுதியில் மனிதர்கள் பட்டைத்தலை வாத்துகளைப் பண்ணையில் வளர்ப்பதும் தெரியவந்தது. ஆகவே எது காட்டு வாத்து, எது வளர்ப்பு வாத்து, யார் யாருக்குக் கொடுத்தது என்ற கோடு அழிந்துபோகிறது. நம் கருத்தைச் சொல்ல வேண்டுமானால், வைரஸுக்குக் கொல்லும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது மனிதனின் பண்ணை. இப்போது அதை ஊர் ஊராகச் சுமப்பது பறவை. அந்தச் சுமையால் சாவதும் பறவைதான். 2021 ஜனவரியில் இமாச்சலப் பிரதேசத்தின் பாங் அணையில் ஆயிரக்கணக்கான வலசைப் பறவைகள் செத்து மிதந்தன. அங்கேயும் பெரும்பாலானவை பட்டைத்தலை வாத்துகள். பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று குர்ஆன் (6:38) சொல்வதை நம்பும் நாம், குளத்துப் பறவைகளை விரட்டவும் அவை தங்கும் மரங்களை வெட்டவும் கிளம்புகிறவர்களோடு சேர்ந்துகொள்ளக் கூடாது. விரட்டப்பட்ட பறவை நோயோடு அடுத்த குளத்திற்குப் போகும், அவ்வளவுதான்.

பாலூட்டிகளுக்குத் தாவியபோது

2020-க்குப் பிறகு வைரஸின் புதிய கிளை ஒன்று தலையெடுத்தது. ஆய்வாளர்கள் அதை 2.3.4.4பி என்று எண்ணிட்டு அழைக்கிறார்கள். முந்தைய அலைகள் காட்டுப் பறவைகளிடம் வந்து சில மாதங்களில் அடங்கிவிடும். இந்தக் கிளை அடங்கவில்லை. 2021 இறுதியில் அட்லாண்டிக்கைக் கடந்து கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தை அடைந்தது. 2022-இல் தென் அமெரிக்கா. 2024 பிப்ரவரியில் அண்டார்டிகா பெருநிலத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது.

வழியில் அது செய்தவை விஞ்ஞானிகளையே கலங்கவைத்தன. பெரு நாட்டில் மட்டும் சில மாதங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடல் சிங்கங்கள் கரையொதுங்கிச் செத்தன. 2023 இறுதியில் அர்ஜென்டினாவின் வால்டேஸ் தீபகற்பத்தில், அந்த ஆண்டு பிறந்த யானைச் சீல் குட்டிகளில் 17,000-க்கும் மேற்பட்டவை இறந்தன. நூற்றில் தொண்ணூற்றைந்துக்கும் மேல் என்பது அங்கு கணக்கெடுத்த ஆய்வாளர்களின் மதிப்பீடு. 2022 அக்டோபரில் ஸ்பெயினின் கலீசியாவில், தோலுக்காக மிங்க் என்னும் விலங்குகளை வளர்க்கும் பண்ணையில் அது ஒரு கூண்டிலிருந்து அடுத்த கூண்டுக்கு என்று பரவியது. பண்ணையில் இருந்த ஏறத்தாழ 52,000 விலங்குகளும் கொல்லப்பட்டன. செத்த பறவையைத் தின்று நோய் வாங்குவது வேறு, பாலூட்டி பாலூட்டிக்கே கொடுப்பது வேறு. இரண்டாவது நடந்தால் மனிதனுக்கு வெகு தூரமில்லை என்பதுதான் ஆய்வாளர்களின் பயம்.

யாரும் எதிர்பாராத இடம் மாடு. 2024 மார்ச் இறுதியில் அமெரிக்காவின் டெக்சாஸ், கன்சாஸ் மாநிலங்களில் பால் மாடுகளிடம் எச்5என்1 உறுதியானது. மாட்டின் மடிக்குள் வைரஸ் கொழுத்துப் பெருகியது. பால் கறக்கும் கருவிகள் வழியாக ஒரு மாட்டிலிருந்து அடுத்த மாட்டுக்குப் போனது. காய்ச்சாத பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் நரம்புக் கோளாறு கண்டு செத்தன. கடைகளில் விற்ற பாலைச் சோதித்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒரு மாதிரியில் வைரஸின் சிதறல்கள் இருந்தன. ஆனால் அந்தப் பால் சூடாக்கிப் பதப்படுத்தப்பட்டது என்பதால் உயிருள்ள வைரஸ் ஒன்றுகூட இல்லை. பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் நம் பாட்டிமார்களின் பழக்கத்திற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. பச்சைப் பாலில்தான் சத்து என்று யூடியூபில் சொல்பவர்களிடம் இந்தப் பூனைகளின் கதையைச் சொல்லலாம்.

இந்தியாவிலும் பாலூட்டிகள் இறந்திருக்கின்றன. நாக்பூர் அருகே கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1-ஆல் இறந்த செய்தி 2025 ஜனவரியில் வெளியானது. அதே மாதம் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் வீட்டுப் பூனைகளிடம் வைரஸ் உறுதியாகி, அங்கிருந்த கோழிச் சந்தை மூடப்பட்டது. பூனை விஷயத்தை நம் வீடுகள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பூனை வளர்ப்பது நம்மில் பலருக்குப் பிரியமான காரியம். அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயரே பூனைக்குட்டியிலிருந்து வந்தது. அந்தப் பிரியத்தில்தான் கோழிக்கடையிலிருந்து பச்சைக் குடலையும் ஈரலையும் வாங்கிவந்து போடுகிறோம். 2023-இல் போலந்திலும் தென் கொரியாவிலும் பூனைகள் கூட்டமாக இறந்தபோது சந்தேகம் விழுந்தது பச்சைக் கறி, பச்சைத் தீனி ஆகியவற்றின் மேல்தான். வேகவைத்துப் போடுங்கள்.

மனிதனுக்கு ஏன் இன்னும் எளிதில் பரவவில்லை என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. வைரஸ் நம் உயிரணுவுக்குள் நுழைய ஒரு பூட்டைத் திறக்க வேண்டும். பறவைக் குடலில் இருக்கும் பூட்டு ஒரு வகை. நம் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் இருப்பது வேறு வகை. பறவை வகைப் பூட்டு நமக்கு நுரையீரலின் ஆழத்திலும் கண்ணிலும்தான் இருக்கிறது. அமெரிக்க மாட்டுப் பண்ணைத் தொழிலாளர்களில் பலருக்குக் கண் சிவந்து எரிச்சல் மட்டும் வந்ததற்கும், மற்ற நாடுகளில் நோய் கண்ட பலருக்கு நேராகக் கடும் நிமோனியா ஆனதற்கும் இது ஒரு காரணம். 2024 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தினர் வெளியிட்ட ஆய்வு கவலை தருவது. மாட்டிடம் சுற்றும் வைரஸின் மேற்புரதத்தில் ஒரே ஓர் இடத்தில் மாற்றம் நேர்ந்தால் அது மனித வகைப் பூட்டைப் பிடிக்கத் தொடங்கிவிடும் என்று அவர்கள் காட்டினார்கள். அது ஒன்றே போதாது, வேறு மாற்றங்களும் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் தொற்றும் ஒவ்வொரு உயிரும் வைரஸுக்கு ஒரு பரீட்சை எழுதும் வாய்ப்பு. அந்த வாய்ப்புகளைக் குறைப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

எகிப்து, இந்தோனேசியா

2003 முதல் உலகில் 950-க்கும் மேற்பட்டோருக்கு எச்5என்1 தொற்றியிருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. ஏறத்தாழ பாதிப் பேர் இறந்தார்கள். லேசான நோயாளிகள் பலர் கணக்கில் வராமல் போயிருக்கலாம் என்பதால் இந்த விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் 2025 தொடக்கம் வரை 70 பேருக்குத் தொற்றி ஒருவர்தான் இறந்தார்.

ஆனால் நாடுவாரியாகப் பார்த்தால் முதல் இரண்டு இடங்களில் இருப்பவை எகிப்தும் இந்தோனேசியாவும். எகிப்தில் 359 பேருக்குத் தொற்றி 120 பேர் இறந்தார்கள். இந்தோனேசியாவில் 200 பேரில் 168 பேர். இரண்டும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள் என்பதைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோக நமக்கு மனமில்லை. மார்க்கத்திற்கும் வைரஸுக்கும் சம்பந்தமில்லை. பௌத்தர்கள் வாழும் வியட்நாமிலும் கம்போடியாவிலும் இதே நோயால் பலர் இறந்திருக்கிறார்கள். இந்த நாடுகளுக்குப் பொதுவானது வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் கோழி வளர்ப்பதும், கோழியை உயிரோடு வாங்கி அறுப்பதும்தான். எகிப்தில் நோய் கண்டவர்களில் பெண்களும் பிள்ளைகளும் அதிகம். மாடியில் கோழிக்குத் தீனி போடுவதும், அறுத்த கோழியை வெந்நீரில் முக்கி இறகு பிடுங்குவதும், குடலை உருவிக் கழுவுவதும் அவர்கள் வேலையாக இருந்தது. கோழியொன்று சுணங்கி நின்றால், ‘செத்துப்போவதற்குள் அறுத்துவிடுவோம்’ என்று அவசரமாக அறுப்பதும் ஏழை வீடுகளின் வழக்கம். தானாகச் செத்தது ஹராம், வீணாகப் போய்விடுமே என்ற கவலை. நம் நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகளிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறோம்.

தானாகச் செத்ததை உண்ணக் கூடாது என்ற சட்டம் (5:3) எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை. செத்த கோழியைக் குறைந்த விலைக்கு வாங்கி ஹோட்டல்களுக்குத் தள்ளும் வியாபாரம் நடப்பதாக அவ்வப்போது பேச்சு எழும் நாட்டில் அது நமக்குக் கேடயம். ஆனால் சுணங்கிய கோழி விஷயத்தில் அந்தச் சட்டத்தைக் காரணம் காட்டி அவசரப்படுவது நம் தவறு. உயிர் இருக்கும்போது அறுத்ததால் அது உண்ண ஆகுமானதாகலாம். அறுத்தவரின் கைக்கும் மூச்சுக்கும் அது பாதுகாப்பாகிவிடாது. நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டுபோகக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியிருக்கிறது. நோயைத் தருவதும் நீக்குவதும் அல்லாஹ்வே என்ற நம்பிக்கையோடு, நோயிலிருந்து விலகி நிற்பதையும் கற்றுத் தந்த மார்க்கம் இது. சுணங்கிய கோழியை அறுக்காமல் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்வது ஈமானில் குறையாகாது.

சாப்பிடுவதைப் பற்றிய கேள்விக்குப் பதில் சுருக்கமானது. நன்றாக வெந்த கறியாலும் முட்டையாலும் இந்த நோய் வராது. கறியின் எல்லாப் பகுதியும் 70 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால் வைரஸ் செத்துவிடும். நம் பிரியாணியும் நோன்புக் கஞ்சியும் அதைத் தாண்டிக் கொதிப்பவை. ஆபத்து சட்டியில் இல்லை. அது சட்டிக்கு வருவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் இருக்கிறது.

நீல நிற டிரம்

அந்த அரை மணி நேரம் நடக்கும் இடம் பெரும்பாலும் நம் தெருக் கோழிக்கடை. கண்ணெதிரே பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்ததை வாங்கினால்தான் நம் மனம் அமைதியடையும். அது நியாயமான விருப்பம், அதை விட்டுக்கொடுக்க யாரும் நம்மைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்த விருப்பத்தால்தான் உயிருள்ள கோழிகள் நிறைந்த கூண்டு ஒவ்வொரு தெருவுக்கும் வருகிறது. கூண்டில் கோழி, அதன் மேல் அட்டைப் பெட்டியில் காடை, சில கடைகளில் ஓரத்தில் நாட்டுக்கோழியும் வாத்தும். அறுத்த கோழியை நீல நிற பிளாஸ்டிக் டிரம்மில் போடுகிறார்கள். அது உள்ளே துடித்து அடங்குகிறது. இரத்தமும் எச்சமும் டிரம்மின் சுவரில் தெறிக்கின்றன. அடுத்த கோழியும் அதே டிரம்மில். காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் வரை அது கழுவப்படாமலே இருக்கும் கடைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அறுப்பவர் கையுறை போடுவதில்லை. அவருடைய பிள்ளை பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அங்கேயே விளையாடிக்கொண்டிருக்கும்.

இங்கேதான் ஹாங்காங்கிற்குத் திரும்ப வேண்டும். 1997 அனுபவத்திற்குப் பிறகும் அந்த நகரத்து மக்கள் உயிருள்ள கோழியை வாங்கும் பழக்கத்தை விடத் தயாராக இல்லை. அரசு படிப்படியாகச் சில விதிகளைக் கொண்டுவந்தது. முதலில் வாத்துகளைக் கோழிச் சந்தையிலிருந்து பிரித்தார்கள். 2001-இல் மாதத்திற்கு ஒரு நாள் ஓய்வு நாள் என்றார்கள். அன்று எல்லாக் கோழிகளும் விற்றோ அறுத்தோ தீர்க்கப்பட்டு, கூண்டுகள் காலியாகி, கடை முழுவதும் கழுவப்பட வேண்டும். 2002-இல் காடை விற்பனைக்குத் தடை வந்தது. பல வைரஸ்கள் கலக்கும் இடமாகக் காடை இருந்தது. 2003-இல் ஓய்வு நாள் இரண்டானது. 2008-இல் இரவில் உயிருள்ள கோழியைக் கடையில் வைத்திருக்கக் கூடாது என்ற விதி வந்தது. ஒவ்வொரு விதிக்குப் பிறகும் ஆய்வாளர்கள் சந்தையிலிருந்து மாதிரிகள் எடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் குறைந்தது. எல்லாவற்றிலும் அதிகப் பலன் தந்தது இரவுத் தடை. காரணம் எளிமையானது. ஒரு கோழி இன்று மாலை வந்த வைரஸை நாளை காலை வரும் புதிய கோழிக்குக் கொடுக்க முடியாமல் போனது.

சந்தையை முற்றாக மூடிவிடலாமே என்று கேட்கலாம். 2013-இல் சீனாவில் எச்7என்9 என்னும் வேறொரு பறவைக் காய்ச்சல் மனிதர்களுக்கு வந்தபோது ஷாங்காய், ஹாங்சோ உள்ளிட்ட நகரங்களில் அப்படிச் செய்தார்கள். மனிதர்களிடம் தொற்று 97 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. ஆனால் மூடிய ஊரில் விற்க முடியாத கோழிகள் லாரி ஏறித் திறந்திருந்த ஊர்களுக்குப் போயின, நோயும் கூடவே போனது என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. நெருக்கடி நேரத்தில் பூட்டுவதைவிட எல்லா நாளும் கழுவுவது நல்லது என்பதே இந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்வது.

நம் ஊர்களில் காந்தி ஜெயந்தி, மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள் என்று ஆண்டில் சில நாட்கள் கறிக்கடைகளை அடைக்கச் சொல்லி அரசு உத்தரவிடுகிறது. ஷட்டர் இறங்கும். ஆனால் உள்ளே கூண்டில் கோழிகள் அப்படியே இருக்கும். ஹாங்காங் சொன்ன ஓய்வு நாள் இதற்கு நேர் எதிரானது. கடை திறந்திருந்தாலும் பரவாயில்லை, கூண்டு காலியாக இருக்க வேண்டும்.

இதில் நமக்கு இன்னொரு அக்கறையும் இருக்கிறது. 2020 தொடக்கத்தில் கோழிக்கறியால் கொரோனா வரும் என்ற வதந்தி கிளம்பி நாடு முழுவதும் கோழி வியாபாரம் படுத்தது. சில வாரங்களில் வேறொரு வதந்தி ஒரு சமுதாயத்தின் மேலேயே விழுந்தது. அந்த நாட்களில் காய்கறி வண்டி தள்ளிய நம் ஆட்களிடம் பெயர் கேட்டுத் துரத்திய காட்சிகளை நாம் மறக்கவில்லை. பறவைக் காய்ச்சல் என்றாவது பெரிதானால், ‘பாய் கடை’ என்று அறியப்படும் கோழிக்கடைகளின் நிலை என்னவாகும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பொய்ப் பழிக்குச் சுத்தம் முழு மருந்தாகாது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் கழுவிய கடையின் மேல் வதந்தி ஒட்டுவது கொஞ்சம் கடினம்.

கடைக்காரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமல்ல. ஒரு கிலோவுக்குச் சில ரூபாய் லாபத்தில் ஓடும் தொழில். பண்ணையில் நோய் வந்தால் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள எல்லாக் கோழிகளையும் அழிக்கும் நடைமுறை நம் நாட்டில் இருக்கிறது. கேரளத்தின் ஆலப்புழையில் வாத்து வளர்ப்போர் 2014 முதல் திரும்பத் திரும்ப இந்த அடியை வாங்கிவருகிறார்கள். இழப்பீடு சரியாகவும் உடனேயும் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் ஒருவர் முதல் கோழி சாகும்போதே தகவல் சொல்வார். தாமதமாகும் என்று தெரிந்தால் மீதிக் கோழிகளை இரவோடு இரவாக விற்றுவிடத்தான் தோன்றும். அந்தக் கோழி எந்தத் தெருவுக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே இழப்பீட்டுத் தாமதம் பண்ணையாளரின் பிரச்சினை மட்டுமல்ல, நம் பிள்ளைகளின் பிரச்சினையும்கூட. சட்டமன்றத்தில் இதைக் கேட்க நம் உறுப்பினர்களுக்கு வாய் இருக்கிறது.

ஊர் அளவில் ஜமாஅத்துகளால் முடிந்த காரியங்கள் இருக்கின்றன. காடையையும் வாத்தையும் கோழிக் கூண்டோடு சேர்த்து வைக்காமல் இருப்பது, அறுப்பவருக்குக் கையுறையும் முகக்கவசமும், வாரத்தில் வியாபாரம் மந்தமான ஒரு நாளில் கூண்டைக் காலி செய்து சுண்ணாம்போ பிளீச்சிங் பவுடரோ போட்டுக் கழுவுவது என்று பள்ளிவாசலில் கடைக்காரர்களை உட்காரவைத்துப் பேசலாம். எல்லாக் கடைகளும் ஒரே நாளில் செய்தால் ஒருவருடைய வாடிக்கையாளர் அடுத்தவரிடம் போய்விடுவாரோ என்ற பயம் இருக்காது. வீட்டில், கோழி கழுவும்போது குழாயை வேகமாகத் திறந்து தெறிக்கவிடாமல், கறி நறுக்கிய பலகையிலேயே வெங்காயம் நறுக்காமல், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பிள்ளைகள் அந்த நேரத்தில் முற்றத்தில் விளையாடட்டும். கோழி, பறவைகளோடு நெருங்கிய தொடர்பு இருந்து சில நாட்களில் காய்ச்சலோ கண் சிவப்போ மூச்சுத் திணறலோ வந்தால், அந்தத் தொடர்பை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவராகக் கேட்க மாட்டார்.

இந்தக் கட்டுரைக்காக ஒரு கடைக்காரரிடம் பேசினோம். அந்த டிரம்மைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டோம். ‘பத்து நிமிஷம் ஆகும் பாய்’ என்றார். பிறகு வெளியே நின்ற கூட்டத்தைக் காட்டி, ‘அந்தப் பத்து நிமிஷம் இவங்க நிக்கணுமே’ என்றார்.